ஒரு பேச்சுப் போட்டியும் இப்னு ஸஹ்லின் வில்லையும்

மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்காகப் பத்தாந் தர மாணவி ஒருத்திக்கு நான்தான் பேச்சு எழுதிக் கொடுத்தேன். தலைப்பு, முஸ்லிம்களின் விஞ்ஞானப் பங்களிப்பு. தமிழாசிரியன் என்பதால் இப்படியான பேச்சுகள் எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். இருபது வருடமாக எழுதி வருகிறேன். இப்னுல் ஹைதம் கெமராவைக் கண்டுபிடித்தார், மூக்குக் கண்ணாடிக்கு வழி காட்டினார், இப்னு ஸஹ்ல் வெயிலை ஒரே புள்ளியில் குவிக்கும் குறையற்ற வில்லையை உருவாக்கினார் என்று அடுக்கிக் கொண்டு போனால் மண்டபத்தில் கைதட்டு விழும்.

மனனம் செய்து கொண்டிருந்த பிள்ளை ஒரு நாள் இடைவேளையில் வந்து நின்றாள்.

“சேர், குறையில்லாத வில்லை எண்டு எழுதி இரிக்கிறீங்க. அப்ப எங்கட லேப்ல இரிக்கிற வில்லையில என்ன குறை?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றன் மகள்” என்று அனுப்பி விட்டேன். அடுத்த நாளும் சொல்லவில்லை. தமிழ்ச் சிறப்புப் பட்டம் செய்தவனுக்கு வில்லையைப் பற்றித் தெரியாமல் இருப்பதில் வெட்கமில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் போல் எழுதி ஒரு பிள்ளையின் வாயில் வைத்ததுதான் உறுத்தியது. அந்த உறுத்தலில் தொடங்கி, வில்லைகளை வடிவமைக்கும் கணினி மென்பொருள் ஒன்றைக் கற்றுக் கொண்ட கதைதான் இது. என்னைப் போல விஞ்ஞானம் படிக்காத வாசகருக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

பருப்பும் வில்லையும்

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அது எனக்குத் தெரிந்த இடம். ‘லென்ஸ்’ என்பது இலத்தீனில் ஒரு பருப்பின் பெயர். நாம் தினமும் கறி வைக்கும் மைசூர்ப் பருப்பின் இனம். இன்றைய அரபியிலும் வில்லைக்கு ‘அதஸா’ என்றே சொல்கிறார்கள். ‘அதஸ்’ என்றாலும் அதே பருப்புத்தான். முழுப் பருப்பு இரண்டு பக்கமும் உப்பியிருக்கும், அது இருபுறக் குவிவு வில்லை. உடைத்த பருப்பை விரலில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். அது தளக் குவிவு வில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் பேசப்போவது இந்த உடைத்த பருப்பைப் பற்றித்தான்.

ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைகிறது. நம் பாடநூல்கள் இதை ஒளிமுறிவு என்கின்றன. எவ்வளவு முறியும் என்பது அந்தக் கண்ணாடியின் முறிவுச்சுட்டியைப் பொறுத்தது. ஒளியியலில் பரவலாகப் பயன்படும் பீகே7 என்ற கண்ணாடிக்கு மஞ்சள் ஒளியில் அது 1.5168. வில்லையின் மேற்பரப்பு எந்த இடத்தில் எவ்வளவு சரிந்திருக்கிறதோ அதற்கேற்ப அந்த இடத்தில் விழும் கதிர் திரும்பும். எல்லாக் கதிரும் ஒரே புள்ளிக்குத் திரும்ப வேண்டுமென்றால் மேற்பரப்பின் வடிவம் என்னவாக இருக்க வேண்டும்? 984ஆம் ஆண்டளவில் பக்தாதில் இப்னு ஸஹ்ல் எடுத்துக் கொண்ட கேள்வி இதுதான்.

ஒஸ்லோ என்றொரு மென்பொருள்

பேராதனையில் பொறியியல் படித்த என் மருமகன் பெருநாள் விடுமுறையில் வந்திருந்தான். விசயத்தைச் சொன்னேன். “மாமா, கணக்கால விளங்கப்படுத்தினா உங்களுக்கு நித்திரை வரும். வரைஞ்சே பாருங்க” என்று என் மடிக்கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றித் தந்தான்.

கெமரா, நுணுக்குக்காட்டி, தொலைநோக்கி எல்லாவற்றின் வில்லைகளும் இன்று கண்ணாடியில் தேய்க்கப்படும் முன் கணினியில் தேய்க்கப்படுகின்றன. ஸீமெக்ஸ், கோட் வீ என்பவை பெரிய நிறுவனங்கள் பாவிப்பவை. அவற்றின் விலை ஒரு பாடசாலைக்குக் கிட்டாது. மருமகன் தந்தது ஒஸ்லோ. நோர்வேயின் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. 1970களில் அமெரிக்காவின் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இதன் கல்விப் பதிப்பு இலவசம். பத்து மேற்பரப்புக்கு மேல் ஏற்றுக் கொள்ளாது என்பதுதான் நிபந்தனை. ஒரு வில்லைக்கு இரண்டே மேற்பரப்பு என்பதால் எனக்கு அது தாராளம்.

திறந்தவுடன் படம் எதுவும் வராது. மாணவர் வரவுப் பதிவேடு போல ஓர் அட்டவணைதான் வரும். ஒவ்வொரு நிரையும் ஒரு மேற்பரப்பு. முதல் நிரை ஒளி புறப்படும் பொருள், கடைசி நிரை ஒளி விழும் திரை. இடையில் இருப்பவை நமது வில்லையின் முகங்கள். ஒவ்வொரு நிரைக்கும் நிரப்ப வேண்டிய நிரல்கள்: வளைவின் ஆரை, அடுத்த மேற்பரப்பு வரையான தடிப்பு, துவாரத்தின் ஆரை, அந்த இடைவெளியில் இருப்பது காற்றா கண்ணாடியா என்பது. இவ்வளவுதான் ஒரு வில்லை. எண்களை இட்டுப் பச்சைச் சரி அடையாளத்தை அழுத்தினால் ஏற்றுக் கொள்ளும். பக்கத்தில் வரைபடச் சாளரத்தைத் திறந்து வைத்தால், எண் மாற மாற வில்லையின் உருவமும் மாறுவது தெரியும்.

பொருள் இருக்கும் தூரத்தில் ஏற்கனவே ஓர் எண் இருந்தது: ஒன்றுக்குப் பின்னால் இருபது பூச்சியம், மில்லிமீற்றரில். முடிவிலிக்கு மென்பொருள் வைத்திருக்கும் எண் அது. கணக்குப் பார்த்தால் ஒளி பத்து வருடத்துக்கு மேல் பயணிக்க வேண்டிய தூரம். அவ்வளவு தொலைவிலிருந்து வரும் கதிர்கள் நமக்குச் சமாந்தரமாகவே தெரியும். சூரியனுக்கு இது போதும் என்றான் மருமகன்.

நான் விட்ட இரண்டு பிழைகள்

குவியத் தூரம் 100 மில்லிமீற்றர் வரும்படி ஒரு தளக் குவிவு வில்லை செய்ய நினைத்தேன். அதன் கணக்கு எளிது. முறிவுச்சுட்டியிலிருந்து ஒன்றைக் கழித்து, குவியத் தூரத்தால் பெருக்கினால் வளைவின் ஆரை கிடைக்கும்: 51.68 மில்லிமீற்றர். முதல் முகத்தைத் தட்டையாக விட்டு, இரண்டாம் முகத்தில் 51.68 என்று இட்டேன். கதிர்கள் குவியாமல் விசிறி போல விரிந்து போயின.

காரணம் ஒரு சிறு கோடு. இந்த மென்பொருளில் ஒளி எப்போதும் இடமிருந்து வலமாகப் போகும். வளைவின் மையம் வலப்பக்கம் இருந்தால் ஆரை நேர், இடப்பக்கம் இருந்தால் மறை. நான் மறைக் குறியை விட்டதால் உடைத்த பருப்புக்குப் பதிலாகத் தோண்டிய கிண்ணம் ஒன்றைச் செய்திருக்கிறேன். தமிழில் ஒரு குற்றெழுத்து நெட்டெழுத்தானால் பொருள் தலைகீழாவதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுப்பவன், இங்கே ஒரு கோட்டை விட்டு மாட்டிக் கொண்டேன்.

இரண்டாம் பிழைதான் பெரிது. மறைக் குறி இட்டதும் எல்லாக் கதிரும் அழகாக ஒரே புள்ளியில் சேர்ந்தன. சாதாரணக் கோள வடிவ வில்லையே குறையில்லாமல் குவிக்கிறதே, அப்படியானால் இப்னு ஸஹ்ல் எதற்கு என்று மருமகனுக்கு உடனே அழைப்பெடுத்தேன்.

“மாமா, ஒளிக் கற்றையின் ஆரை எவ்வளவு போட்டீங்க?”

பார்த்தேன். மென்பொருள் தானாக வைத்திருந்த 1 மில்லிமீற்றர் அப்படியே கிடந்தது. “ஊசித் துளைக்குள்ளால பாத்திட்டு வில்லை நல்லமெண்டு சொல்றீங்க. இருபது போட்டுப் பாருங்க” என்றான்.

இருபது இட்டேன். படம் குலைந்து போனது.

அந்தப் பிள்ளை கேட்ட குறை

பிள்ளையின் கேள்விக்குப் பதில் அந்தத் திரையில் இருந்தது. வில்லையின் நடுவை ஒட்டிப் போன கதிர்கள் 100 மில்லிமீற்றரில் அச்சைச் சந்தித்தன. நடுவிலிருந்து 10 மில்லிமீற்றர் தள்ளி வந்த கதிர் 95.6இலேயே சந்தித்தது. 20 மில்லிமீற்றர் தள்ளி, விளிம்போரம் வந்த கதிர் 81.4இல் சந்தித்தது. விளிம்புக் கதிர்கள் அவசரக்காரர்கள். நடுவில் வருபவை சேருமிடத்துக்கு 18 மில்லிமீற்றருக்கும் அதிகமாக முன்னாலேயே சேர்ந்து, தாண்டி, மறுபடி விரிந்து விடுகின்றன. 100இல் ஒரு திரை வைத்தால் அங்கே புள்ளி விழாது, ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் அகலமான ஒரு வட்டம்தான் விழும். இதைக் கோளப் பிறழ்ச்சி என்று சொல்லலாம். கோள வடிவ மேற்பரப்புக்குப் பிறப்பிலேயே உள்ள குறை. தேய்த்தவன் கைப்பிழை அல்ல.

பிறகு வில்லையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். உப்பிய பக்கம் சூரியனை நோக்கவும் தட்டைப் பக்கம் திரையை நோக்கவும் விட்டேன். தடிப்பு 8 மில்லிமீற்றர். அதே கண்ணாடி, அதே வளைவு. ஆனால் விளிம்புக் கதிர் முந்திச் சேரும் தூரம் 18.6இலிருந்து 4.5 மில்லிமீற்றருக்கு இறங்கியது. திரையில் விழும் வட்டம் 2 மில்லிமீற்றருக்குள் சுருங்கியது. எப்படி? முதல் அமைப்பில் தட்டை முகம் சும்மா நிற்கிறது, முறிக்கும் வேலை முழுவதையும் ஒரே முகம் செய்கிறது. திருப்பி வைத்தால் இரண்டு முகமும் வேலையைப் பங்கு போட்டுக் கொள்கின்றன. ஒருவர் தலையில் முழுச் சுமையையும் வைத்தால் பிழை கூடும், பகிர்ந்தால் குறையும். வீட்டுக்கும் பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் பொருந்தும் உண்மைதான், ஆனால் இங்கே அதை எண்ணாகவே கண்டேன்.

இதைக் கணினியில் மட்டும் பார்த்து விட்டு நிற்க மனமில்லை. பாடசாலைக் களஞ்சியத்தில் பழுதாகிக் கிடந்த ஸ்லைட் புரொஜெக்டர் ஒன்றிலிருந்து ஒரு தளக் குவிவு வில்லையைக் கழற்றி எடுத்தோம். பத்து மணி வெயிலில் அந்தப் பிள்ளையும் கூட்டாளிகள் இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். வாளியில் தண்ணீர் வைத்துக் கொண்டோம். வில்லைக்குள்ளால் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். தட்டைப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டியபோது காகிதத்தில் விழுந்த வெளிச்சத்தைச் சுற்றி மங்கலான வளையம் ஒன்று இருந்தது. திருப்பிப் பிடித்ததும் வளையம் சுருங்கி, நடு கூர்மையாகி, காகிதம் புகையத் தொடங்கியது. “சேர், கம்பியூட்டர் சொன்ன மாதிரியே இரிக்கி” என்றாள். கணினி சொன்னது என்பதற்காக அல்ல, கண்ணால் கண்டதால் நம்பினாள். அதுதான் சரி.

இப்னு ஸஹ்லின் வளைவு

இனி முக்கியமான சோதனை. திருப்பி வைப்பதால் குறை குறைகிறது, ஒழியவில்லை. ஒழிய வேண்டுமானால் மேற்பரப்பின் வடிவத்தையே மாற்ற வேண்டும். இப்னு ஸஹ்ல் எரிக்கும் கருவிகளைப் பற்றி எழுதிய நூலில் தளக் குவிவு வில்லைக்கு அதிபரவளைவு என்ற கூம்பு வெட்டு வடிவத்தைக் கொடுக்கிறார். அதை நிறுவ அவர் பயன்படுத்தும் விகிதம், பிற்காலத்தில் ஸ்னெல் 1621இல் கண்டதாகச் சொல்லப்படும் ஒளிமுறிவு விதிக்குச் சமமானது. அந்த நூலின் ஏடுகள் தெஹ்ரானிலும் திமிஷ்கிலும் பிரிந்து கிடந்தன. வரலாற்றாய்வாளர் ருஷ்தி ராஷித் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் படித்து 1990இல் ஆய்வுலகுக்கு விளக்கினார்.

ஒஸ்லோவில் கோளத்தை வேறு வடிவமாக்க ஓர் எண் உண்டு. கூம்பு மாறிலி என்பது அதன் பெயர். பூச்சியம் என்றால் கோளம். மறை ஒன்று என்றால் பரவளைவு. மறை ஒன்றையும் தாண்டிக் கீழே போனால் அதிபரவளைவு. நான் எந்த எண்ணையும் கொடுக்கவில்லை. தட்டைப் பக்கத்தை மறுபடி சூரியனுக்குக் காட்டி வைத்தேன். மஞ்சள் ஒளி ஒன்றை மட்டும் விட்டு மற்ற நிறங்களை நீக்கினேன். 100 மில்லிமீற்றரில் திரையை வைத்து, கூம்பு மாறிலியை மாறக் கூடியது என்று குறித்து, “புள்ளியைச் சிறிதாக்கு” என்று மென்பொருளிடம் விட்டு விட்டேன். இதுதான் இந்த மென்பொருள்களின் உண்மையான பலம். எண்ணைச் சற்று மாற்றும், கதிர்களை ஓடவிட்டுப் பார்க்கும், பிழை குறைந்தால் அதே திசையில் மேலும் போகும். நாம் உப்புப் பார்த்துப் பார்த்துக் கறி இறக்குவது போலத்தான்.

அது போய் நின்ற இடம் மறை 2.3007. கதிர்கள் எல்லாம், விளிம்புக் கதிர் உட்பட, 100 மில்லிமீற்றரில் ஒரே புள்ளியில் சேர்ந்தன.

கைபேசியை எடுத்து 1.5168ஐ அதாலேயே பெருக்கினேன். 2.3007. கண்ணாடியின் முறிவுச்சுட்டியே அந்த அதிபரவளைவின் மையவகற்சித் திறனாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். கூம்பு மாறிலி அதன் வர்க்கம், மறைக் குறியோடு. இப்னு ஸஹ்லின் வடிவியல் சொல்வதும் இதைத்தான். அவரை அறியாத ஓர் இயந்திரம் தடவித் தடவிப் போய் அவர் வாசலில் நின்றது. இஷாவுக்குப் பின் தொடங்கியவன் மணி பன்னிரண்டரை ஆகியும் எழும்பவில்லை. மேடையில் இருபது வருடம் சொன்ன ஒன்று உண்மை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கோளத்துக்கும் இந்த வளைவுக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? நடுவிலிருந்து 10 மில்லிமீற்றரில் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. 20 மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டு கண்ணாடிகளை ஒன்றோடொன்று எல்லாத் திசையிலும் தேய்த்தால் கோளம் தானாக வந்து விடும். அதிபரவளைவு அப்படி வராது. 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் இதே வடிவ வில்லையைத் தேய்க்கக் கருவி செய்ய முயன்றும் கைகூடவில்லை. இன்று நம் கைபேசிக் கெமராக்களில் இருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் வில்லைகள் கோளமல்லாத வடிவங்களே. அச்சில் வார்ப்பதால் அது முடிகிறது.

குறையற்ற வில்லையின் குறைகள்

இங்கேயே நிறுத்தினால் நான் மறுபடியும் மேடைப் பேச்சு எழுதியவனாவேன். நீக்கிய நிறங்களைத் திரும்பச் சேர்த்தேன். நீலம் 98.9 மில்லிமீற்றரிலும் சிவப்பு 100.5 மில்லிமீற்றரிலும் குவிந்தன. ஒரே கண்ணாடி வெவ்வேறு நிறத்தை வெவ்வேறு அளவில் முறிக்கும், அதை எந்த வளைவாலும் சரி செய்ய முடியாது. வேறொரு கண்ணாடியில் இரண்டாவது வில்லை வேண்டும். அடுத்து, கதிர்கள் நேராக வராமல் 2 பாகை சரிந்து வரட்டும் என்று விட்டேன். புள்ளி வால்வெள்ளி போல இழுபட்டுப் போனது. மூன்றாவது, சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானில் அது அரைப் பாகை அகலம். ஆகவே 100 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில் அதன் விம்பம் எப்படியும் 0.9 மில்லிமீற்றர் அகலமாக இருக்கும். எரிப்பதற்கு அது தாராளம். ஆனால் ‘ஒரே புள்ளி’ என்று பேச்சில் எழுத முடியாது.

மற்ற வரிகளையும் தேடிப் படித்தேன். கெமரா என்ற சொல் அரபியிலிருந்து வந்தது என்று நம்மவர்கள் பலரும் பரப்பும் செய்தி சரியல்ல, அது அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல். இப்னுல் ஹைதம் இருட்டறைத் துளையினூடே வரும் ஒளியை ஆராய்ந்தார், கெமரா செய்யவில்லை. மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் வந்தது. இப்னு ஸஹ்லின் விதியை இப்னுல் ஹைதம் எடுத்து வளர்க்கவும் இல்லை.

அவர் செய்தவை வேறு, அவை சிறியவை அல்ல. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், கிதாபுல் மனாளிரின் ஏழு பாகங்களில் பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படுவதல்ல, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவது என்பதைச் சோதனைகளோடு நிறுவினார். கண்ணாடிக் கோளத்தில் கதிர்கள் ஒரே புள்ளியில் சேராததை, அதாவது அந்தப் பிள்ளை கேட்ட அதே குறையை, தனியொரு நூலில் ஆராய்ந்தார். பிற்காலத்தில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி நீர் நிரப்பிய கோளத்தை வைத்து வானவில்லை விளக்கியது இந்த வழியில் வந்துதான். பத்லமியூஸ் மீதான ஐயங்கள் என்றும் இப்னுல் ஹைதம் ஒரு நூல் எழுதினார். முன்னோர் எழுதியதை நம்பி விடாதே, சோதித்துப் பார் என்பது அதன் சாரம். அவருடைய பெயரையே சோதிக்காமல் இருபது வருடம் எழுதியிருக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு

இதைச் செய்ய விரும்பும் சகோதர ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள். மென்பொருள் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆரை, தடிப்பு, துவாரம், கண்ணாடி என்ற நான்கு நிரல்களுக்கும் தமிழ்ப் பெயர் எழுதி ஓர் அட்டையில் ஒட்டிக் கொடுத்தேன், பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் பிடித்துக் கொண்டார்கள். முதலில் தட்டை முகமும் ஒரு வளைந்த முகமும் உள்ள வில்லையில் தொடங்குங்கள். குறியைக் கவனியுங்கள். ஒளிக் கற்றையின் அகலத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். ஒடுங்கிய கற்றை எந்த வில்லையின் குறையையும் மறைத்து விடும். திரையில் கண்டதை முடிந்தவரை முற்றத்திலும் செய்து பாருங்கள்.

பேச்சைத் திருத்தி எழுதினோம். கெமராவும் மூக்குக் கண்ணாடியும் போயின. பிள்ளை இரண்டு உடைத்த பருப்பை உள்ளங்கையில் வைத்துக் கொண்டு மேடையேறி, முற்றத்தில் கண்டதைச் சொன்னாள். அவளுக்கு மூன்றாமிடம்தான் கிடைத்தது. கைதட்டு வாங்கும் வரிகளை நானே வெட்டியிருந்தேன், அவளுக்கு அதில் கவலையிருந்ததாகத் தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவள் கேட்டது இதுதான்:

“சேர், நீலத்தையும் சிவப்பையும் ஒண்டா சேக்கிறதுக்கு ரெண்டாவது வில்லை வேணுமெண்டீங்களே. அது எந்தக் கண்ணாடி?”

இந்த முறை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. வா மகள், போட்டுப் பார்ப்போம் என்றேன்.